திருவனந்தபுரத்துக் குச்சி, சேலத்து ஆலை: பொதுத்துறைப் பயிர் ஆராய்ச்சியை எந்தக் கணக்கில் மதிப்பிடுவது?

1. கேள்வி

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. வண்டியிலிருந்து மாதிரிக் கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று ஆலையில் பார்க்கிறார்கள். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் பேரம். இருபத்தெட்டை எதிர்பார்த்து வந்தவருக்கு இருபத்தைந்து என்று சீட்டு எழுதினால் அங்கேயே வாய்ச்சண்டை. இப்படி நிறுத்துப் போடப்பட்ட கிழங்கில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக எச்-226, எச்-165 என்ற இரண்டு ரகங்களிலிருந்து வந்தது. இரண்டும் பிறந்த இடம் திருவனந்தபுரத்தை ஒட்டிய ஸ்ரீகாரியம். அங்குள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் அவற்றை வெளியிட்டது.

அந்த நிலையம் 1963இல் தொடங்கப்பட்டபோது அதன் கண்முன் இருந்தது கேரளத்தின் பசி. சேலத்தின் ஜவ்வரிசி அப்போது அதன் கணக்கில் இல்லை. கேரளத்தின் மரவள்ளிப் பரப்பு 1970களின் நடுவில் மூன்று லட்சம் ஹெக்டேரைத் தாண்டி உச்சம் தொட்டது. பிறகு சரிந்து ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. எந்த மாநிலத்துக்காக ஆராய்ச்சி தொடங்கியதோ அங்கே பயிர் சுருங்கியது. மலைக்கு இந்தப் பக்கம், வேறொரு தேவைக்காக, அதன் ரகங்கள் வேர்விட்டன. இதை வெற்றி என்று எழுதுவதா, தற்செயல் என்று எழுதுவதா? பொதுப் பணத்தில் நடக்கும் பயிர் இனப்பெருக்க ஆராய்ச்சியை அளக்க இன்று புழங்கும் முறைகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவையா என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

2. நிலையத்துக்கு முந்தைய கதை

மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. அதை மக்களிடம் பரப்பியவராக 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மாவைச் சொல்வார்கள். விஷக்கிழங்கு என்று பயந்த குடிமக்களுக்காக அரண்மனையில் வேகவைத்துத் தாமே உண்டு காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியானாலும் பயம் நியாயமானதுதான். கசப்பு ரகங்களில் சயனைடு உண்டு. சமைக்கும் பக்குவம் தெரியாமல் தொடக் கூடாது.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல்கள் நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்கு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்த எல்லைக்குள் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் வீடுகளில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இன்று ருசிக்காகப் பேசப்படுகின்றன. பாட்டி காலத்தில் அது அரிசி இல்லாத நாளின் சாப்பாடு.

ஆராய்ச்சியும் அந்த 1940களிலேயே, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மலேயாவிலிருந்து வந்த கிழங்குகளில் ஒன்று எம்-4 என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘எம்’ என்பது மலேயாவைக் குறிப்பது. வெந்ததும் பூவாக உடையும் அந்த ரகத்தைச் சமையலில் மிஞ்ச, பின்னால் வந்த அதிக மகசூல் ரகங்கள் பலவற்றாலும் முடியவில்லை. கிழங்கை உண்பவர் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று கேட்பதில்லை. 1971இன் ரகங்கள் கேரளத்துச் சமையலறையில் எம்-4ஐ விலக்க முடியாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பயிர் சுருங்கியதற்கான காரணங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கைக்கு வெளியே இருந்தன. 1960களின் நடுவிலிருந்து ரேஷன் அரிசி எல்லா வீடுகளையும் எட்டத் தொடங்கியது. மலைச்சரிவுகளை ரப்பர் பிடித்துக்கொண்டது. கூலி ஏறியது. ஒரு பயிர் பஞ்ச காலத்துக்கு மட்டுமே வேண்டியதாக இருந்தால், பஞ்சம் போனதும் அது போவது இயல்பு.

3. வழக்கமான கணக்கும் அதன் ஓட்டைகளும்

வேளாண் ஆராய்ச்சிக்குப் போட்ட ரூபாய் எத்தனை ரூபாயாகத் திரும்பியது என்று கணக்கிடும் முறைக்கு மூலவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்வீ கிரிலிச்சஸ். வீரிய ஒட்டு மக்காச்சோள ஆராய்ச்சியைப் பற்றிய அவருடைய 1958ஆம் ஆண்டுக் கட்டுரை, செலவிட்ட ஒவ்வொரு டாலரும் ஆண்டுக்கு 700 சதவீத அளவில் பலன் தருவதாக முடிவு சொன்னது. பிறகு வந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை அந்தப் பாதையில் நடந்தவை. புதிய ரகம் பரவிய பரப்பு, பழைய ரகத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்த மகசூல், விலை ஆகிய மூன்றையும் பெருக்கி, ஆராய்ச்சிச் செலவைக் கழித்தால் சமூகத்துக்குக் கிடைத்த உபரி வந்துவிடும்.

முறை எளிது. எளிமையிலேயே சிக்கலும் இருக்கிறது. கிரிலிச்சஸ் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே ஊரறிய வென்ற ஆராய்ச்சியை. பந்தயம் முடிந்த பிறகு முதலில் வந்த குதிரையை மட்டும் வாங்கிப் பார்த்து, குதிரை வளர்ப்பு லாபமானது என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. அவரே இதை உணர்ந்திருந்தார். மரவள்ளிக்கு வந்தால், எச்-226ஐ மட்டும் வைத்து நிலையத்தை அளப்பது அதே பிழை. 1971இல் அதனுடன் வெளிவந்த எச்-97, 1977இல் வந்த ஸ்ரீ விசாகம், ஸ்ரீ சஹ்யா, 1987இன் ஸ்ரீ பிரகாஷ், 1996இன் மும்மடிய ரகமான ஸ்ரீ ஹர்ஷா ஆகியவற்றின் செலவும் அதே பேரேட்டில்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது சிக்கல் சராசரி மகசூல். கேரளத்தில் பரப்பு குறையக் குறைய ஹெக்டேர் மகசூல் கூடியது. ஆராய்ச்சியின் பலன் என்று இதைச் சுட்டுவது வழக்கம். ஆனால் ரப்பருக்குப் போனது முதலில் எந்த நிலம்? சரிவான, மண் அரித்த நிலம். எஞ்சி நின்றது நல்ல நிலம். வகுப்பில் பின்தங்கிய மாணவர்கள் பள்ளியை விட்டு நின்றுவிட்டால் வகுப்புச் சராசரி தானே ஏறும். ஆசிரியர் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. மகசூல் உயர்வில் எவ்வளவு ரகத்தால், எவ்வளவு இந்த வடிகட்டலால் என்று பிரித்துக் காட்டாத எந்த மதிப்பீட்டையும் நான் பாதிதான் நம்புவேன்.

தமிழ்நாட்டில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. இந்தியாவின் சராசரி மரவள்ளி மகசூல் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்ற பெருமைத் தகவல் அறிக்கைகளின் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடிப்பவை சேலம், நாமக்கல், தர்மபுரி பகுதிகளின் பாசன வயல்கள். ஆப்பிரிக்காவில் இதே பயிர் பெரும்பாலும் மழையை நம்பி, உரமின்றி, வீட்டு உணவுக்காக நடப்படுகிறது. கிணறு, சொட்டுநீர், உரம், ஆலை தரும் நிச்சயமான சந்தை ஆகியவற்றின் பங்கைக் கழிக்காமல் மூன்று மடங்கையும் ரகத்தின் பெயரில் எழுதிவிட முடியாது.

இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான சிக்கல் பெயர். வயலில் நிற்பது எந்த ரகம் என்று விவசாயியைக் கேட்டு எழுதுவதுதான் பரவல் கணக்கெடுப்பின் அடித்தளம். மரவள்ளிக்கு விதை மூட்டையும் இல்லை, முத்திரைச் சீட்டும் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டுக் கட்டாகக் குச்சி வருகிறது. கொண்டுவந்த குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்பதற்குத்தான் அந்தச் சோதனை. பெயர் சொன்னவர் வாய்ச்சொல்லோடு சரி. முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளைத் தாய்லாந்து என்று ஊர்ப்பெயர்கள் நிலையப் பெயர்களோடு கலந்து புழங்குகின்றன. கானாவிலும் நைஜீரியாவிலும் விவசாயிகள் சொன்ன மரவள்ளிப் பெயரை இலையின் மரபணுத் தடத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் பல இடங்களில் பொருந்தவில்லை. சிலர் நாட்டு ரகம் என்று நினைத்தது ஆராய்ச்சி நிலைய ரகமாகவும், புதிய ரகம் என்று நினைத்தது பழையதாகவும் இருந்தது. சேலத்து வயலில் மட்டும் நிலைமை மாறுபட்டிருக்கும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை.

4. தாயும் தந்தையும் கணக்கில் இல்லை

எச்-226இன் பிறப்புப் பதிவைப் பார்த்தால் ஒரு பக்கம் ஏத்தக்காக் கறுப்பன் என்ற கேரள நாட்டு ரகம். மறுபக்கம் மலேயாவின் எம்-4. எச்-165இன் ஒரு பெற்றோர் சடயமங்கலம் வெள்ளை; இன்றைய கொல்லம் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கியது. எச்-97இல் மஞ்சவெள்ளையும் பிரேசில் நாற்றும் கலந்திருக்கின்றன. ஆக, 1971இன் ‘நிலையச் சாதனை’ ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு மலையாளக் குடியானவர் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட குச்சி இருக்கிறது. (விசாகம் திருநாள் பெயரில் ஒரு ரகம் உண்டு, 2006இல் வந்த ஸ்ரீ பத்மநாபாவுக்குத் தெய்வத்தின் பெயர். சடயமங்கலத்து விவசாயியின் பெயர் எதற்கும் கிடைக்கவில்லை.)

பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001இல்தான் வந்தது. நாட்டு ரகத்தைக் காத்தவர்களுக்குப் பலனில் பங்கு தரலாம் என்று அது சொல்கிறது. எச்-226க்கு அது முப்பது ஆண்டு தாமதம். சட்டத்தை விடுவோம், மதிப்பீட்டாளர்களின் சூத்திரத்தில்கூட இந்தப் பங்குக்கு ஒரு வரி இல்லை என்பதே என் குறை. சூத்திரம் தொடங்குவது கலப்பு செய்த நாளில். அதற்கு முன் சேகரித்தது, காத்தது, பெயரிட்டது எல்லாம் இலவசமாகக் கிடைத்த இயற்கை போல வைக்கப்படுகின்றன.

காப்பது இலவசம் இல்லை. நெல் மணியைக் காயவைத்துக் குளிர் அறையில் மூடிவைத்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். மரவள்ளி குச்சியால் வளர்வது. விதையிலிருந்து முளைக்க வைத்தால் தாயின் குணம் மாறிவிடும். எனவே ஒவ்வொரு ரகத்தையும் ஆண்டுதோறும் வயலில் மறுபடி நட்டு, அடையாளப் பலகை மாறாமல் பார்த்து, அறுவடை செய்து, குச்சி வெட்டி, மீண்டும் நட வேண்டும். அல்லது கண்ணாடிக் குழாயில் திசுவாக வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஸ்ரீகாரியத்தில் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, காய்ச்சில் வகைகள் எல்லாமாக ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேகரிப்புகள் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் பலகைகள் இடம் மாறினால் இரண்டு ரகங்கள் ஒன்றாகிவிடும். அது எந்த அறிக்கையிலும் நஷ்டமாகத் தெரியாது. சர்வதேச நிலையங்களின் மரபணு வங்கிச் செலவை ஆராய்ந்து கூ, பார்டே, ரைட் ஆகியோர் 2004இல் வெளியிட்ட நூலும் குச்சி, கிழங்குப் பயிர்களைக் காப்பது விதைப் பயிர்களைவிடச் செலவு மிக்கது என்றே காட்டியது.

இந்தச் செலவுக்கு ஆண்டு வாரியாகப் பலன் கேட்டால் பெரும்பாலான ஆண்டுகளில் பதில் பூஜ்யம். நெல்லில் ஓர் உதாரணம் பிரசித்தம். புல்குட்டை நோய்க்கு எதிர்ப்பு தேடி, மணிலாவை அடுத்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சேகரிப்புகளைச் சோதித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல்லில் மட்டும் அந்த எதிர்ப்பு கிடைத்தது. அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றை வீண் என்று சொல்லலாமா? எது அந்த ஒன்று என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் சொல்லலாம். மரபணு வங்கியை வருமான விகிதத்தில் அளப்பது, தீயணைப்பு நிலையத்தை அது அணைத்த தீயின் எண்ணிக்கையில் அளப்பது போன்றது.

ஸ்ரீகாரியத்தின் சேகரிப்பு நேரடியாகவும் பயன் தந்திருக்கிறது. 1998இல் வெளிவந்த ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா இரண்டும் கலப்பினங்கள் அல்ல. நாட்டுச் சேகரிப்பிலிருந்தே தேர்ந்தெடுத்தவை. ஆறேழு மாதத்தில் முற்றுபவை என்பதால் நெல் அறுத்த வயலில் இடைப்போகமாக நட வாய்த்தவை. இனப்பெருக்கக் கலையைவிடச் சேகரிப்பின் ஆழத்துக்கே இது சாட்சி.

5. பற்றுப் பக்கம்: தேமல்

வரவை எழுதினால் பற்றையும் எழுத வேண்டும். மரவள்ளித் தேமல் நோய் கேரளத்தில் 1956இல் பதிவாயிற்று. இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக விழும், இலை சுருண்டு கோணும், கிழங்கு இளைக்கும். காரணம் வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. ஆனால் வெள்ளை ஈயைவிட நெடுந்தூரம் அதைச் சுமந்து செல்வது மனிதக் கை. நோயுள்ள செடியின் குச்சியை வெட்டி அடுத்த மாவட்டத்தில் நட்டால் நோயும் கூடவே போகிறது. எச்-226 இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகம். ஒரே ரகம் பரப்பெங்கும் நின்றதும் குச்சி கைமாறி நடப்பதும் சேர்ந்து தேமலைத் தமிழ்நாட்டு வயல்களில் நிரந்தரக் குடியாக்கின. இந்த இழப்பை எச்-226இன் லாபக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டுமா என்றால், என் பதில் கழிக்க வேண்டும் என்பதே. பழைய ரகங்களும் நோய்க்குத் தப்பவில்லை என்பதால் முழுவதையும் கழிப்பதும் நியாயமாகாது.

எதிர்ப்புக் குணம் வந்த வழி சுவையானது. 1930களில் தான்சானியாவின் அமானி நிலையத்தில் ஸ்டோரி, நிக்கல்ஸ் என்ற இருவர் மரவள்ளியை அதன் உறவுமரமான சியாரா ரப்பரோடு கலந்தார்கள். அந்த வம்சத்து நாற்றுகள் நைஜீரியா போய்ச் சேர்ந்தன. இபடானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிலையம் அவற்றிலிருந்து 1970களில் எதிர்ப்பு ரகங்களை உருவாக்கியது. அந்த நிலையத்திலிருந்து வந்த எம்என்ஜிஏ-1 என்ற ரகம்தான் 2006இல் ஸ்ரீ பத்மநாபா ஆயிற்று. அதைப் பெற்றோராக வைத்து மேலும் கலப்புகள் நடந்தன. அமானியில் கலப்பு செய்தவர்களின் சம்பளத்தையும் நைஜீரியாவின் வயல் சோதனையையும் எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது? தேசிய எல்லைக்குள் போடும் லாப நஷ்டக் கணக்கு இங்கே உடைந்துபோகிறது. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பொதுப் பட்டியலில் மரவள்ளி இடம்பெற்றது வெறும் ராஜதந்திரச் சடங்கல்ல.

நோயும் அதே பாதைகளில் பயணம் செய்கிறது. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் காணப்பட்டது. பிறகு வியட்நாம், தாய்லாந்து. அந்த நாடுகளில் பரந்து நின்றது 1992இல் வெளியான கசெட்சார்ட் 50 என்ற ரகம். சேலம் போலவே அங்கும் அதைப் பரப்பியது ஸ்டார்ச் ஆலைகளின் பசி. ரகம், ஆலை, ஒற்றைப் பயிர், நோய் என்ற அதே வரிசை.

எதிர்ப்பு ரகம் இருந்தும் அது வயலுக்கு மெதுவாகப் போவது ஏன்? ஒரு மரவள்ளிச் செடியிலிருந்து வழக்கமாகப் பத்துக் குச்சி கிடைக்கும். நெல்லோடு ஒப்பிட்டால் ஆமை நடை. இரு கணுக்கள் கொண்ட சிறு குச்சி முறையை ஸ்ரீகாரியம் உருவாக்கி அதை ஒன்றுக்கு அறுபதாக்கியது. ரகம் எதையும் சேராத இந்த நாற்றங்கால் உத்தி, ரகங்களின் பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடும் அறிக்கைகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. விவசாயி தன் குச்சியைத் தானே வைத்துக்கொள்வதால் தனியார் விதைக் கம்பெனிக்கு இதில் வியாபாரம் இல்லை. பொதுத்துறை விலகினால் இந்தப் பயிரில் இனப்பெருக்கம் செய்ய வேறு ஆளே இல்லை.

6. தீர்ப்பு

ஆலையின் பங்கைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார். 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரகம் வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான வாய் திறந்திருந்தது. ஆலை இல்லாமல் எச்-226 இந்த அளவு பரவியிருக்காது; எச்-226 இல்லாவிட்டாலும் ஆலைகள் வேறு கிழங்கை அரைத்திருக்கும். அந்த வேறு கிழங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்ரீகாரியத்துக்குச் சேர வேண்டிய பங்கு. அது சிறியது என்று நான் சொல்லவில்லை. முழுவதும் அதுவே என்று எழுதுவது பொய்க் கணக்கு.

என் மதிப்பீட்டில் திருவனந்தபுரம் நிலையம் பொதுப் பணத்துக்கு நேர்மையாக இருந்திருக்கிறது. ஆனால் அதன் பெரிய சொத்து எச்-226 என்ற பட்டியல் வரியில் இல்லை. ஆண்டுதோறும் மறுபடி நடப்படும் அந்த ஐந்தாயிரம் அடையாளப் பலகைகளில் இருக்கிறது. நிதி வெட்டு வரும்போது முதலில் கை வைக்கப்படுவது ‘பலன் காட்டாத’ அந்த வரிசையில்தான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த தாக்க மதிப்பீட்டை எழுதப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விவசாயி சொன்ன பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வந்த பிறகு அட்டவணையில் ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதன் தாய் தந்தை பெயருக்கும் ஒரு கட்டம் விடுங்கள்.